பற்பசையும் ஆடிக் கிருத்திகையும்

ஆனி மாதத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, பல் மருத்துவத்தில் மேற்படிப்புப் படிக்கும் பெண் ஒருத்தி, பெயர் போடாத பற்பசை டியூப்கள் நிறைந்த அட்டைப் பெட்டியுடன் எங்கள் தெருவில் வந்து இறங்கினாள். ஈறில் ரத்தம் வருகிறவர்கள் வேண்டும் என்றாள். எங்கள் தெருவில் அவர்களுக்குப் பஞ்சமில்லை. வெற்றிலை, பாக்கு, பீடி, இவற்றைத் தொடாத வாயை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆராய்ச்சி எளிமையானது. சில டியூப்களில் பச்சைக் கோடு, சிலவற்றில் மஞ்சள் கோடு. ஒன்று மூலிகை சேர்த்த புதுப் பற்பசை, மற்றது சாதாரணம். எது எது என்பது எங்களுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அவளுடைய பேராசிரியருக்கு மட்டும் தெரியும். கொடுத்த டியூபை இரண்டு மாதம் காலையும் இரவும் பயன்படுத்திவிட்டுத் திருப்பித் தரவேண்டும். அதை எடை போட்டு, ஒழுங்காகப் பல் தேய்த்தோமா என்று அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

நான் எதையும் நேரப்படி செய்கிறவள் என்று யாரோ சொல்லி, என் வீட்டுக்கு வந்து காப்பி குடித்தாள். ஆள் சேர்த்துத் தரச் சொன்னாள். தெற்கத்திப் பெண், பேச்சில் தயக்கம் அதிகம்.

"பாதியில யாரும் நின்னுடக் கூடாது ஆன்ட்டி. ஆள் குறைஞ்சா ஆய்வேட்டை எடுத்துக்க மாட்டாங்க. பரீட்சை அரை வருஷம் தள்ளிப் போயிடும். வீட்ல இப்பவே படிச்சது போதும், வான்னு கூப்பிட்டுக்கிட்டிருக்காங்க."

அரை வருடம் தள்ளிப்போனால் அவளை ஊருக்கு அழைத்துப் போய்விடுவார்கள் என்பது எனக்குப் புரிந்தது. தெருவில் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தேன். என் கணவருக்கு மஞ்சள் கோடு, எனக்குப் பச்சை. மலையடிவாரத்தில் பூ விற்கும் எதிர்வீட்டுக்காரிக்கும் மஞ்சள்தான். அவள் டியூபைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "கல்யாண வீட்டு ஐஸ்கிரீம் வாசனை வருதுக்கா" என்றாள்.

நான் சொன்னபடி செய்தேன். பட்டாணியளவு பற்பசை, கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம். என் கணவர் விடியும் முன்பே கழனிக்குப் போய் பம்ப்செட் தொட்டியடியில் பல் தேய்க்கிறவர். டியூபைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவார். அங்கே அவர் எதால் தேய்த்தார் என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

ஆடி பிறந்தது. எங்கள் ஊரில் ஆடிக் கிருத்திகை என்றால் சொல்ல வேண்டியதில்லை. தெருவில் பாதிப்பேர் மாலை போட்டு மஞ்சள் துணி கட்டினார்கள். கறியில்லை, பீடியில்லை, வெற்றிலையில்லை. மாலையும் காலையும் பஜனைக் கூடத்தில் பாட்டு. பிறகு காவடி மலையேறியது. எல்லாம் வழக்கம்போலவே நடந்தது. இடையில் ஒருமுறை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்த டாக்டர் பெண், கூட்டத்துக்குப் பயந்து அந்த வாரம் ரயிலேறி வரவில்லை.

இரண்டு மாதம் முடிந்ததும் வந்தாள். பஜனைக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஒவ்வொருவராக உட்கார வைத்து, மெல்லிய கம்பியை ஈறோரம் விட்டுப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் மலர்ந்தது. பச்சை, மஞ்சள் என்றில்லாமல் எல்லா ஈறும் தேறியிருந்தன. டியூப்கள் இஸ்திரி போட்டது மாதிரி தட்டையாக வந்து சேர்ந்தன. தேறாத ஈறு ஒன்றே ஒன்று. அது என்னுடையது.

"நீங்க ரொம்ப அழுத்தித் தேய்க்கிறீங்க ஆன்ட்டி."

என் கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்கும்போது அவர் கூரையைத்தான் பார்ப்பார்.

வேலை முடிந்த நிம்மதியில் அந்தப் பெண் சுற்றிலும் பார்த்தாள். கூடத்துக் குத்துவிளக்குகள், காவடி மணிகள், ஆளுயரப் பித்தளை வேல், எல்லாம் கண்ணைப் பறித்தன.

"இவ்வளவு பளபளப்பா எப்படிங்க வச்சிருக்கீங்க? எங்க வீட்ல புளி போட்டு எவ்வளவு தேச்சாலும் வராது."

பூக்காரி பெருமையோடு சொன்னாள். "எல்லாம் நீங்க குடுத்த பேஸ்ட்டுதாங்க டாக்டரம்மா."

"என்னது?"

"மாலை போட்டுகினு பேஸ்ட்டுல பல்லு தேய்க்கக் கூடாதுங்க. அதுல எலும்புப் பொடி கலக்குறாங்களாம், எங்க குருசாமி சொல்லிட்டாரு. வேப்பங்குச்சிதான். ஆனா நீங்க டியூபை எடை போடுவேன்னு சொன்னீங்களா, அப்படியே குடுத்தா உங்க மனசு கஷ்டப்படுமேன்னு தெனமும் அளவா பிதுக்கி வெளக்குல தேச்சோம். காலையில ஒருவாட்டி, ராத்திரி ஒருவாட்டி. ஒருநாள்கூட விடல."

குருசாமி எங்கள் தெருமுனை டீக்கடைக்காரர். காவடிக் குழுவுக்குத் தலைவர். அவர் முன்னால் வந்து, இன்னும் தெளிவாக விளக்க வேண்டும் என்று நினைத்தோ என்னவோ, "பச்சைக் கோடு சுமார்தாங்க. மஞ்சக் கோடுதான் பித்தளைக்கு நல்லா புடிக்குது. வேலுக்கு மஞ்சளே வேணும்னு பச்சை வச்சிருந்தவங்ககிட்ட மாத்தி வாங்கினோம்" என்றார்.

அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தேறிய ஈறுகள் வேப்பங்குச்சியால் தேறினவா, வெற்றிலை பாக்கை விட்டதால் தேறினவா, அவளால் சொல்ல முடியாது. பற்பசையால்தான் என்று எழுத முடியாது என்பது மட்டும் தெரியும்.

நான் என் கணவர் பக்கம் திரும்பினேன். "நீங்களுமா?"

"குருசாமி பேச்சை எப்பிடி மீறுறது? கழனியில டியூப் காலியாவலயே, இங்க கொண்ணாந்து மணியைத் தேச்சேன்."

விஷயம் என்ன, பரீட்சை என்ன, அரை வருடம் என்ன என்பதையெல்லாம் நான் அவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். பூக்காரி மெல்லச் சொன்னாள். "பல்லுலதான் தேச்சோம்னு எழுதிக்கோங்களேன். வெளக்கு வந்து சாட்சி சொல்லவா போவுது?"

"எழுத முடியாதுங்க" என்றாள் அந்தப் பெண். பேராசிரியருக்கு அங்கிருந்தே போன் செய்து நடந்ததை அப்படியே சொன்னாள். மாலை போட்டவர்களையும் டியூப் மாற்றியவர்களையும் விலகியவர்கள் என்று கணக்கு காட்டிவிட்டு, அனுமதி வாங்கிப் புதிதாக ஆள் சேர்க்கலாம், ஐப்பசிக்குள் முடிந்தால் பரீட்சைக்குப் போகலாம் என்று பதில் வந்தது.

அனுமதி வந்த மறுநாள் காவடிக் குழு ஆள் பிடிக்கக் கிளம்பியது. சாமி காரியத்துக்கு இணையான வேகம். பக்கத்து ஊரான கனகம்மாசத்திரத்தின் பேருந்து நிறுத்தத்தில் கடை வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் குருசாமிக்குப் பழக்கம். டாக்டர் பெண்ணையும் என்னையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இளநீர்க்காரர் ஒருவர் மச்சான் முறை கொண்டாடி என் கணவரிடம் கேட்டார்.

"இன்னா பாவா, பல்லு புடுங்குறாங்களா?"

"புடுங்கல. தேய்க்கணும்."

"தெனமுமா?"

"ரெண்டுவாட்டி."

"அதுக்குப் புடுங்கறதே மேலு" என்றார் அவர். ஆனாலும் வாயைத் திறந்து காட்டினார். கம்பி பட்டதும் ரத்தம் வந்தது. டாக்டர் பெண் மகிழ்ச்சியை மறைத்துக்கொண்டாள்.

பிறகு, யாரும் சொல்லித்தராமலே, தானாகக் கேட்டாள். "எந்தக் கோயிலுக்காவது மாலை போடுவீங்களா?"

"ஆங், சபரிமலைக்கு. கார்த்திகை ஒண்ணாந்தேதி போட்டுடுவேன்."

அவள் என்னைப் பார்த்தாள். ஆவணி, புரட்டாசி. ஐப்பசி பிறக்கும்போது முடிந்துவிடும். "சேத்துக்கோம்மா" என்றேன்.

இரண்டு மாதமும் குருசாமி வாரம் ஒருமுறை கனகம்மாசத்திரத்துக்குப் போய், கடை கடையாக ஏறி, அங்கே பித்தளைச் சாமான் எதுவும் புதிதாக மின்னவில்லை என்று பார்த்துவிட்டு வந்தார். ஒரு பிள்ளையார் விளக்கு மட்டும் அவருக்குச் சந்தேகமாக இருந்ததாம். விசாரித்ததில் அது ஸ்டீல்.

ஆய்வேடு நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது. இரண்டு பற்பசைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது முடிவு. தேர்வு முடிந்த அன்று சாயங்காலமே போன் செய்தாள். தேறிவிட்டாள். ஆய்வில் சேர்க்கத் தகாதவர்கள் என்ற பத்தியில் கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள் என்பதற்குப் பின், 'ஆய்வுக் காலத்தில் விரதமாலை அணிய இருப்பவர்கள்' என்று எழுதியிருந்தாளாம். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இது எதற்கு என்று கேட்டிருக்கிறார்.

"முதல்லேர்ந்து சொல்ல ஆரம்பிச்சேன் ஆன்ட்டி. வேலுக்கு மஞ்சள் டியூப் மாத்தினது வந்தப்போ அவரு டீயைக் கீழ வச்சுட்டாரு. அதுக்கப்புறம் யாரும் வேற கேள்வியே கேக்கல."