பூச்சாட்டியதும் வெளியே வைத்த மருந்து

ஒரு வீட்டின் மின்சாரத்தை நிறுத்த யாருக்கு உரிமை இருக்கிறது என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா? மின்வாரியத்துக்கு என்பீர்கள். பராமரிப்பு என்று நாளிதழில் போட்டு, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை நிறுத்துகிறார்களே, அதைச் சொல்வீர்கள். சரி, வீட்டுக்காரரின் மகனுக்கு? அவர் பீஸ் கேரியரைப் பிடுங்கித் தன் வீட்டு ஜன்னல் மேல் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனால், வாடகை கொடுக்கிற ஐந்து குடும்பங்கள் இருட்டில் கிடக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

மாரியாயிக்கு முப்பத்தெட்டு வயது. குமாரபாளையத்துக்கு வெளியே, பத்துக்குப் பத்து அறையும் ஒரு சமையல் மூலையும் உள்ள லைன் வீட்டில் ஏழு வருடமாகக் குடியிருந்தார். விசைத்தறிப் பட்டறையில் தார் சுற்றும் வேலை, அதாவது தறி நாடாவில் போடும் குச்சிகளில் நூல் சுற்றுவது. சுற்றிய தாருக்குத்தான் கூலி, உட்கார்ந்திருந்த நேரத்துக்கு இல்லை. கரண்டு போனால் தறி நிற்கும், தறி நின்றால் கூலியும் நிற்கும். கணவர் மாதேஸ்வரன் போர்வெல் ரிக் வண்டியில் சத்தீஸ்கர் பக்கம் போனவர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவார். மகள் வெண்ணிலாவுக்குப் பன்னிரண்டு வயது. ஒன்பதாவது வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது. மாத்திரைக்கு அடங்குகிற சர்க்கரை அல்ல. காலையும் இரவும் இன்சுலின் ஊசி போட வேண்டும். நிறுத்தினால் பிள்ளை பிழைக்காது.

மருந்தை அரசு மருத்துவமனை இலவசமாகவே தருகிறது. ஆனால் அது குளிர்ச்சியில் இருக்க வேண்டும். சித்திரை மாதத்தில், தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் போட்ட வீட்டில் குளிர்ச்சிக்கு எங்கே போவது?

மாரியாயியின் தம்பி பழைய பிரிட்ஜ் ஒன்றைக் கொடுக்க முன்வந்தார். வீட்டுக்காரரின் மகன் மோகன்குமார் வாசலிலேயே மறித்துவிட்டார்.

"ஏக்கா, பிரிட்ஜு கிரிட்ஜுன்னு எதையும் இழுத்துட்டு வந்துறாதீங்க. இந்த லைனுக்கு லோடு தாங்காது."

"சின்ன பிரிட்ஜுதானுங்க. புள்ள மருந்துக்கு மட்டும்தான்."

"இன்னைக்கு மருந்தும்பீங்க, நாளைக்கு மாவு வெப்பீங்க. அப்புறம் மிச்ச நாலு ஊடும் கேக்கும்."

அதே காம்பவுண்டில் மோகன்குமாரின் மாடி வீட்டில் இரண்டு ஏசி ஓடுகிறது. அந்த லோடு தாங்குகிறது.

மாரியாயி மண்பானையை நம்பினார். பெரிய மண்பானைக்குள் ஆற்று மணல், அதன் நடுவே சின்னப் பானை, அதற்குள் மருந்து, மேலே ஈரத்துணி. காலையும் மாலையும் மணலில் தண்ணீர் ஊற்ற வேண்டும். மருத்துவமனைச் செவிலியர் சொல்லிக்கொடுத்த வழி அது. கரண்டு தேவையில்லை. வீட்டின் மற்ற காரியங்களும் அப்படித்தான் நடந்தன. மாவு ஆட்டுவது, செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றுவது, குடத்தில் தண்ணீர் பிடிப்பது எல்லாம் கரண்டு இருக்கும்போதே முடிந்துவிடும். சார்ஜ் விளக்கைப் பட்டறைக்குக் கொண்டுபோய் ஏற்றி வருவார். பழைய காலண்டர் அட்டைதான் விசிறி. வெண்ணிலா படுக்கும் இடத்தில் சிமென்ட் தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அது காய்வதற்குள் பிள்ளையைத் தூங்க வைப்பார். இதையெல்லாம் சிக்கனம் என்று பாராட்ட யாரும் வர வேண்டாம். இவரிடமிருந்து பிடுங்கியதற்கு ஈடாக இவர் கண்டுபிடித்தவை இவை.

சர்க்கரை பார்க்கும் கருவி ஒன்று இருந்தது. அதில் செருகும் அட்டை விலை அதிகம் என்பதால், ஞாயிறும் வியாழனும் மட்டும் பார்ப்பார்.

பங்குனி வெயில் ஏறியபோது, வீட்டுக்கார அம்மா மயிலம்மாள் ஒருநாள் படியிறங்கி வந்தார். தெருவே கேட்கிற குரல் அவருக்கு.

"பானைக்குள்ள வெச்சா அது என்ன மருந்தா, மோரா? எங்க ஊட்டு பிரிட்ஜில கொண்டாந்து வெய்யி சாமி. எங்களுக்கு என்ன கொறஞ்சு போயிருது?"

மாரியாயிக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த மாதத்து மருந்துக் குப்பிகளைப் பையோடு கொடுத்தார். பயன்பாட்டில் இருக்கிற ஒன்று மட்டும் பானையில் இருக்கும். அது தீர்ந்தால் மேலே போய் அடுத்ததை வாங்கி வருவார். அந்த நன்றிக்கு, யாரும் கேட்காமலே ஆரம்பித்தது வேலை. முதலில் வாசல் கூட்டினார். அப்புறம் பாத்திரம். அப்புறம் மாடிப்படி கழுவுவது. பக்கத்து வீட்டில் இருக்கும் சித்ரா, அதே பட்டறையில் தறி ஓட்டுகிறவர், ஒருநாள் கேட்டே விட்டார்.

"பிரிட்ஜில முட்ட வெக்கிற குழியளவு எடத்துக்கு இத்தன வேலையா? ஓட்டல்ல ரூம் போட்டு மருந்தப் படுக்க வெச்சிருந்தாக்கூட மலிவா முடிஞ்சிருக்குமே அக்கா!"

"சும்மா இருடி. அவங்க கேட்டா செய்யறேன்? எம்மனசுக்குத் தோணுது, செய்யறேன்."

சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை ஊர் மாரியம்மனுக்குப் பூச்சாட்டி நோம்பியைத் தொடங்கினார்கள்; இந்தப் பக்கம் திருவிழாவுக்கு நோம்பி என்று பேர். அன்று முதல் நோம்பி முடிகிற வரை ஊரில் கவுச்சி கூடாது. மோகன்குமார் நோம்பிக் கமிட்டியில் முக்கியஸ்தர். மாடி முழுக்கச் சீரியல் விளக்கு, தெரு முனையில் அம்மன் உருவம் மின்னுகிற வளைவு, எல்லாம் அவர் செலவு, எல்லாம் அவர் வீட்டு இணைப்பு. மாலை ஆறு மணிக்கு அந்த விளக்கு எரிய வேண்டுமானால் லைன் வீடுகளின் லோடு குறைய வேண்டும். அதனால் தினமும் ஆறு மணிக்கு பீஸ் கேரியர் ஜன்னல் மேலே ஏறியது. பத்து மணிக்குத்தான் இறங்கியது. அம்மனுக்கு வெளிச்சம், குடியிருப்பவர்களுக்குப் புழுக்கம். ஐந்து வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சாமி காரியத்தில் எப்படிக் கேட்பது? இந்த ஒரு தயக்கத்தை வைத்துக்கொண்டு இந்த நாட்டில் என்ன அக்கிரமமும் செய்யலாம்.

பூச்சாட்டிய அன்றே மயிலம்மாளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள், இன்சுலினைப் பன்றியிலிருந்து எடுக்கிறார்கள் என்று. ஒரு காலத்தில் அப்படி எடுத்ததுண்டு. இன்று மருத்துவமனையில் கொடுப்பது நுண்ணுயிர்களை வளர்த்து ஆலையில் செய்வது. இதைத் தெரிந்துகொள்ள ஒரு செவிலியரிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும். மயிலம்மாள் கேட்கவில்லை. பிரிட்ஜைத் திறந்தார், பையை எடுத்தார், பிரிட்ஜுக்குள் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். பையை மோட்டார் ரூமில், தகரக் கூரைக்குக் கீழே ஆணியில் மாட்டினார். மாரியாயியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஐந்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மாலை, பானையில் இருந்த குப்பி தீர்ந்தது. அன்று காலை பார்த்தபோது வெண்ணிலாவுக்குச் சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. மாரியாயி மேலே போனார். நோம்பி நேரம் என்பதால் படிக்கட்டிலேயே நிற்கச் சொன்னார்கள். மயிலம்மாள் பின்பக்கமாகப் போய் ஒரு குப்பியைக் கொண்டுவந்து கையில் போட்டார். குப்பி சுட்டது.

"ஏனுங்கம்மா, சூடா இருக்குதுங்களே?"

"கரண்டு போயிப் போயி வருதில்ல, பிரிட்ஜில குளிர்ச்சி எங்க நிக்குது? பானைல போட்டா சில்லுன்னு ஆயிரும், போ."

மாரியாயி நம்பினார். வாழ்நாள் முழுக்கக் கரண்டு போவதையே பார்த்தவருக்கு, எதற்கும் கரண்டைக் காரணம் சொன்னால் சந்தேகம் வருவதில்லை. தறி நின்றால் கரண்டு, தண்ணீர் வராவிட்டால் கரண்டு, மருந்து சுட்டாலும் கரண்டு. குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டினார். வழக்கம்போல் பால் நிறமாகக் கலந்தது. ஊசியில் ஏற்றிப் போட்டார். செத்த மருந்துக்கும் உயிருள்ள மருந்துக்கும் நிறத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

திங்கட்கிழமை வெண்ணிலா தண்ணீர் தண்ணீர் என்று குடித்தாள். வெயில் என்று நினைத்தார். தெருவில் எல்லோரும்தான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாள். மாலை வாந்தி எடுத்தாள். மூச்சு வேகமாக வாங்கியது. அப்போது மணி ஏழு. பீஸ் கேரியர் ஜன்னல் மேல். வெளியே வளைவில் அம்மன் பச்சையும் சிவப்புமாக மின்னிக்கொண்டிருந்தாள்.

சத்தம் கேட்டு வந்த மயிலம்மாள் வாசலுக்கு வெளியே நின்றபடி சொன்னார்.

"இது ஆத்தா கொறைதான். ஊசி கீசின்னு இப்பப் போட்டுறாத. தீர்த்தம் வாங்கியாந்து வேப்பிலைல தெளி. வெடிஞ்சா எந்திரிச்சு ஓடுவா."

ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம் மாரியாயி தயங்கியிருக்கிறார். அப்புறம் பெட்டியைத் திறந்து, வியாழக்கிழமைக்கு வைத்திருந்த அட்டையை எடுத்தார். சித்ரா செல்போன் விளக்கைப் பிடித்தார். கருவியில் எண் வரவில்லை. கருவியால் அளக்க முடியாத அளவு ஏறிவிட்டது என்று காட்டும் இரண்டு ஆங்கில எழுத்துகள் வந்தன.

"அக்கா, தீர்த்தமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். புள்ளயத் தூக்கு. நான் வண்டிய எடுக்கறேன்."

சித்ராவின் மொபட்டில், இருவருக்கும் நடுவே பிள்ளையை உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஊர்வலத்துக்காகத் தெருவை மறித்திருந்த கயிற்றைச் சித்ரா இறங்கிப்போய் அவிழ்த்தார். ஒரு இளவட்டம் கத்தினான்: "ஏய், சாமி வருதுல்ல!"

"வரட்டும்டா. நாங்க போறம்."

அரசு மருத்துவமனையில் முதல் ஊசியும் குளுக்கோஸ் பாட்டிலும் ஏற்றி, நூற்றெட்டு வண்டியில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். வெண்ணிலாவுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெளிவாகக் கண் திறந்தது. குப்பியை எங்கே வைத்திருந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். பிரிட்ஜில் என்றார் மாரியாயி. டாக்டர் நம்பவில்லை. போட்டது சூட்டில் வெந்துபோன மருந்தாகத்தான் இருக்கும், இன்னும் கொஞ்ச நேரம் தாமதித்திருந்தால் பிள்ளை இல்லை என்றார்.

ஒரு வாரம் கழித்து வீடு திரும்பியபோது, மிச்சக் குப்பிகள் இருந்த பை மோட்டார் ரூம் ஆணியில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் திறந்துவிடப் போனபோது மாரியாயியே பார்த்தார். பையோடு மாடிப்படியேறினார். முதன்முறையாக உள்ளே போய் நின்றார்.

"இது எப்ப இருந்துங்கம்மா அங்க தொங்குது?"

மயிலம்மாள் மழுப்பவில்லை. வெட்கப்பட்டிருந்தால்தானே மழுப்புவார்?

"பன்னின்னு சொன்னாங்க. பூச்சாட்டுன ஊட்டுல எப்படி வெக்கறது? நீயே சொல்லு. அதான் ஒண்ணும் ஆவலியே, ஆத்தா கைவிடலயே."

நோம்பி முடிந்த மறுநாள் அந்த பிரிட்ஜுக்குள் மூன்று கிலோ ஆட்டுக்கறி ஏறியது. வருடத்தில் மற்ற நாளெல்லாம் கறி இருக்கலாம். ஒரு குழந்தையின் உயிர் பதினைந்து நாள் இருக்கக் கூடாது. காப்பாற்றியது ஒரு மொபட், ஒரு அட்டை, இரண்டு அரசு மருத்துவர்கள். பேர் வாங்கிக்கொண்டது ஆத்தா. கேட்காமல் எடுத்து வெளியே போட்ட கைக்கு ஒரு பழியும் இல்லை. பக்தி என்று இதற்குப் பேர் வைப்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும். எனக்கு இது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சாவைப் பற்றி ஒரு நொடிகூட யோசிக்க மறுக்கும் சோம்பேறித்தனம்.

சத்தம் கேட்டு மோகன்குமார் வந்தார். "ஊரே கும்பிடற நோம்பி, உங்க ஒருத்தருக்காக நிறுத்தவா முடியும்? புடிக்கலீன்னா காலி பண்ணிக்கங்கக்கா. அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி."

"காலி பண்றேனுங்க. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே எடுத்தாந்து எங்கூட்டுப் பானைல வெச்சிருப்பேன். அத்தன நாளு உங்க வாசல் கூட்டுனவளுக்கு ஒரு வார்த்த சொல்லத் தோணலீங்களே."

மறுநாள் முதல் அந்த வாசலை அவர் கூட்டவில்லை. சித்ரா எவ்வளவோ வற்புறுத்தியும், கமிட்டியில் இருப்பவர் மேல் புகார் கொடுத்தால் வேறு யாரும் வீடு தரமாட்டார்கள் என்று பயந்து, மாரியாயி காவல் நிலையத்துக்குப் போக மறுத்துவிட்டார். அந்தப் பயம் நியாயமானது என்பதுதான் இன்னும் அருவருப்பானது.

பத்து வீடு பார்த்துவிட்டார். புருஷன் ஊரில் இல்லையா என்று கேட்டு இரண்டு இடத்தில் மறுத்தார்கள். சாதியைக் கேட்டு நான்கு இடத்தில். மீதி இடங்களில் கேள்வியே வேறு: "நோயாளிப் புள்ளைங்களா? ஊட்டுல ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா?" ஒன்றாந்தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. மருந்து இப்போது மறுபடியும் மணல் பானையில்.

குமாரபாளையத்திலோ பள்ளிபாளையத்திலோ உங்களுக்கு ஒரு காலி அறை இருக்கலாம். உங்கள் அண்ணனுக்கு, உங்கள் கடைக்கு வருகிறவருக்கு இருக்கலாம். வாடகையைத் தேதி தவறாமல் தருவார், இரக்கம் வேண்டாம். தனி மீட்டர் இருக்க வேண்டும், பீஸ் கேரியர் குடியிருப்பவரின் கைக்கு எட்டுகிற சுவரில் இருக்க வேண்டும், ஒரு சின்ன பிரிட்ஜ் வைக்க விட வேண்டும். அப்படி ஒரு வீடு தெரிந்தால், படித்துவிட்டு உச்சுக் கொட்டாமல், இன்றே இந்தப் பத்திரிகை அலுவலகத்துக்கு எழுதுங்கள்.