மொட்டைக்குப் பின்னால தெரியுற போர்டு

என்கிட்ட வர்ற கடைக்காரங்க எல்லாரும் மொதல்ல கேக்குறது ஒரே கேள்விதான்: "எவ்ளோ லைக் வரும்?" லைக்க வெச்சி அடுப்பு எரியுமான்னு நான் திருப்பிக் கேப்பேன். கோவப்பட்டு எழுந்து போனவங்களும் உண்டு. போகட்டும். சித்தூர்ல நகைக்கடை, பங்காருபாளையத்துல மாங்கா மண்டி, திருப்பதியில லாட்ஜுன்னு, போன் வழியா கடைக்கு ஆள் சேத்துக் குடுக்குறதுதான் எனக்குச் சோறு போடுற வேலை. இந்த வேலையில நான் கெட்டிக்காரி. அடக்கமா சொல்லத் தெரியல, அதனால அப்படியே சொல்லிடுறேன்.

அப்பேர்ப்பட்ட என்னையே தண்ணி குடிக்க வெச்ச கஸ்டமர் எங்க அண்ணி.

அண்ணி திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கிட்ட மெஸ் வெச்சிருந்தாங்க. எங்க அண்ணன் லாரி ஓட்டுறவன், வீட்டுக்கு வந்தா விருந்தாளியாட்டம் இருந்துட்டுப் போவான். மெஸ் முழுக்க அண்ணியோட பாடுதான். மெயின் ரோட்ட அகலம் பண்ணப்போ இருந்த இடம் போச்சி. பின்னால ஒரு சந்துக்குள்ள வாடகைக்கு இடம் புடிச்சாங்க. பருப்பு கடைஞ்ச அதே பப்பு, புளிச்சக்கீரையில அதே கோங்கூரா பச்சடி, அதே கைப்பக்குவம். ஆனா சந்துக்குள்ள எட்டிப் பாக்க ஆளில்ல. மத்தியானம் வடிச்ச சோறு சாயந்தரம் வரைக்கும் குண்டான்லயே கெடக்கும்.

"புரட்டாசி முடியுற வரைக்கும் பாக்குறேன்"ன்னாங்க ஒரு நாள். "அதுக்குள்ள தேறலன்னா மூட்டையக் கட்டிக்கினு மாங்கா ஃபேக்டரிக்கே போய்டுறேன்."

கல்யாணமாகி வந்த புதுசுல அண்ணி மாம்பழக் கூழ் ஃபேக்டரியில மாங்கா அறுத்தவங்க. மாங்கா பால் பட்டுப் பட்டு ரெண்டு கையும் வெந்துபோய் இருக்கும். சோறு பெசஞ்சா எரியுதுன்னு ஸ்பூன்ல துன்னுவாங்க, அதப் பாத்துட்டு எங்க நைனா சாப்பாட்டத் தள்ளி வெச்சிட்டு எழுந்து போனது எனக்கு ஞாபகம் இருக்குது. மெஸ் வெச்சப்புறம்தான் அந்தக் கை ஆறுச்சி. மறுபடி அங்க போறதாவது!

"நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கறப்போ நீங்க ஏன் ஃபேக்டரிக்குப் போறீங்க? கடைய என்கிட்ட வுடுங்க"ன்னேன்.

"வுடுறேன். ஆனா என் மூஞ்சி எதுலயும் வரக்கூடாது. நான் இன்னா சினிமாவா காட்டிக்கினு இருக்கேன்?"

அவங்க எப்பவுமே அப்படித்தான். கல்யாண ஆல்பத்துலயே குனிஞ்ச தலை நிமிரல, எல்லா ஃபோட்டோவுலயும் அந்த இடுப்பு வரைக்கும் தொங்குற ஜடைதான் தெரியும். சரின்னு கைய மட்டும் எடுத்தேன், கரண்டிய எடுத்தேன், பப்புக்குத் தாளிப்பு கொட்டுறப்போ வர்ற பொகைய எடுத்தேன். சும்மா சொல்லக்கூடாது, பாத்தா எச்சில் ஊறும்.

அடுத்தது விளம்பரம். எந்த ஊர்ல இருக்கறவங்க போன்ல இது தெரியணும்னு மேப்புல ஒரு வட்டம் போடணும். நான் யோசிக்கவே இல்ல, மலை மேலயே போட்டேன், அடிவாரத்துல எங்க ஊரும் ஓரமா அதுல சேந்துக்கிச்சி. இந்த ஊர்ல பொறந்து வளந்த எவளா இருந்தாலும் அதத்தான் செய்வா. எங்களுக்குக் கூட்டம்னா மலைதான். சாமி பாத்துட்டுப் பசியோட எறங்குறவங்கள வளைச்சிப் புடிக்கணும்னு, காத்தாலயிருந்து மத்தியானம் வரைக்கும் ஓடுற மாதிரி வெச்சேன்.

போன் அடிச்சது என்னமோ நெஜம். மொதல்ல எதிர் லாட்ஜு மேனேஜர். அப்புறம் எங்க வீட்டுக்கு வர்ற ஆட்டோக்காரரு. அப்புறம் மெயின் ரோட்டுல போட்டிக்கு மெஸ் நடத்துற பெரியவரு. "அம்மா, மீ யாட் சால பாகுந்தி!"ன்னு, விளம்பரம் ரொம்ப நல்லாருக்குதுன்னு தெலுங்குல மனசார பாராட்டுறாரு, மகராசன். பாராட்டி இன்னா புண்ணியம்? பாத்தவங்க பூரா உள்ளூரு. வெளியூர்க்காரங்க ஒருத்தரு கூட வரல.

"நான் ஈ ஓட்டிக்கினு இருக்கறது தெருவோட போயிருக்கும். நீ ஊருக்கே சொல்லிட்ட"ன்னாங்க அண்ணி. எனக்கு மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சிக்கறதுன்னு தெரியல.

அந்த சமயத்துலதான் என் பொண்ணுக்கு மொட்டை போட மலைக்குப் போனோம். முடி எறக்கியாச்சி, குளிச்சாச்சி, வரிசைக்குள்ள போறதுக்கு முன்னால கவுண்டர்ல போனக் குடுத்தாச்சி. உள்ள குந்திக்கினு இருக்கறப்போ, விளம்பரம் எப்படி ஓடுதுன்னு பாக்கலாம்னு கை தானா பைக்குள்ள போச்சி. போன் இல்ல. சுத்திப் பாத்தேன். அவ்ளோ பெரிய கூடம், அவ்ளோ ஜனம், ஒருத்தர் கையிலயும் போன் இல்ல. ஒருத்தர் கொட்டாவி வுடுறாரு, ஒரு அம்மா கொழந்தைக்கு விசிறிக்கினு இருக்காங்க.

எனக்கு சிரிப்பு பீறிக்கினு வந்துடுச்சி. அடிப்பாவி, நீ போட்ட விளம்பரம் அத்தனையும் பூட்டுன பெட்டிக்குள்ள ஓடிக்கினு இருக்குதேடி! போன்னு ஒண்ணு கைக்கு வந்த நாள்லயிருந்து நானே எத்தன தடவ அந்தக் கவுண்டர்ல குடுத்திருப்பேன். எங்களுக்கு அது செருப்பக் கழட்டி வுடுற மாதிரி, நெனப்புலயே நிக்காது. முன்னால நின்னு கோவிந்தா கோஷம் போட்ட அம்மா திரும்பி மொறைச்சாங்க. மொறைக்கட்டும், எனக்கு வேலை வந்துடுச்சி.

தரிசனம் முடிஞ்சி போன் கைக்கு வந்ததும் ஜனம் இன்னா பண்ணுதுன்னு நின்னு பாத்தேன். தண்ணி கூடக் குடிக்கல. மொதல் வேலையா மொட்டைய ஃபோட்டோ எடுக்குறாங்க. கொழந்த மொட்டை, அப்பன் மொட்டை, மாமியாரும் மருமகளும் சேந்து மொட்டை. எடுத்த கையோட வீட்டு க்ரூப்புக்கு அனுப்புறாங்க.

கீழ எறங்கி நேரா மெஸ்ஸுக்கு வந்தோம். மொட்டை போட்ட பசங்க யார் வந்தாலும் அண்ணி கை கழுவுற இடத்துல வெச்சிருக்கற கிண்ணத்துலயிருந்து சந்தனத்த எடுத்துத் தலையில தடவுவாங்க. வெயில்ல வந்த தலை சுரீர்னு எரியுமில்ல, அதுக்கு. என் பொண்ணுக்கும் தடவுனாங்க. வழியெல்லாம் அழுதுக்கினு வந்தது கண்ண மூடிக்கினு சிரிச்சிது. ஃபோட்டோவுக்கு போனத் தூக்குனேன். பொண்ணு தலைக்குப் பின்னால காரை பேந்த செவுரு, ஒரு தொடப்பம், ஒரு சிலிண்டரு.

புடிச்சிட்டேன்டா சாமின்னு கத்தியே வுட்டேன்.

மறுநாளே பெயின்டர வரவெச்சேன். வாசல்ல கிண்ணம், அதுக்கிட்ட ஒரு பெஞ்சு, பெஞ்சுக்குப் பின்னால செவுத்துல மெஸ் பேரும் வழியும் தமிழ்லயும் தெலுங்குலயும். குந்தியிருக்கறவங்க தலைக்கு ஒட்டினாப்புல எழுதச் சொன்னேன். "போர்டுன்னா மேலதாம்மா எழுதுவாங்க, தூரத்துல வர்றவங்களுக்குத் தெரிய வாணாமா?"ன்னு அவரு ஒத்தக் கால்ல நின்னாரு. "தூரத்துல வர்றவங்களுக்குன்னுதான் கீழ எழுதச் சொல்றேன், எழுதுண்ணா"ன்னேன். ஒண்ணும் புரியாம தலையச் சொறிஞ்சிக்கினே எழுதிட்டுப் போனாரு.

மலை மேல போட்ட வட்டத்த அழிச்சேன். வேலூரு, ஆம்பூரு, திருவள்ளூருன்னு, கெளம்புறதுக்கு முன்னால வீட்ல குந்திக்கினு பஸ்ஸா ரயிலான்னு பேசிக்கினு இருப்பாங்களே, அவங்களுக்கு தமிழ் ரீல். பாகாலா பக்கமா ரயில்ல வர்ற ஊருங்களுக்கு தெலுங்கு ரீல். அதுல, "மொட்டை போட்டவங்களுக்கு சந்தனம் இலவசம்"னு ஒரு வரி சேத்தேன். அண்ணி போனப் புடுங்கிட்டாங்க.

"சந்தனம் சாமி சமாச்சாரம். அத வெச்சி ஆள் இழுத்தா கடையே வாணாம் எனக்கு."

"அது ஒண்ணுதான் அண்ணி நமக்கு மட்டும் இருக்குது, மத்ததெல்லாம் எல்லா மெஸ்லயும் இருக்குது!"

"அப்போ மூடிடு."

அன்னிக்கு பூரா ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு திரிஞ்சோம். கடைசியில அந்த வரிய அழிச்சேன். ஒத்துக்கினு அழிக்கல, அந்த மூஞ்சியப் பாக்க முடியாம அழிச்சேன். நம்ம வாயால சொல்ல வாணாம், பாத்தவங்க வாய் சும்மா இருக்கவா போவுதுன்னு ஒரு தெம்பு எனக்கு.

புரட்டாசி மொதல் சனிக்கெழம காத்தாடுச்சி. அண்ணி பரண் மேல கெடந்த பழைய ட்ரங்குப் பொட்டிய எறக்கித் தொடைச்சி வெச்சிருந்தாங்க. அதப் பாத்துட்டு எனக்கு ராத்திரி சோறு எறங்கல.

அடுத்த சனிக்கெழம ஆம்பூர்லயிருந்து ஒரு குடும்பம் சந்துக்குள்ள தேடிக்கினு வந்துச்சி. யாரோ அனுப்புன ஃபோட்டோ போன்ல. சந்தனம் பூசுன ஒரு பொடிசு, தலைக்குப் பின்னால எங்க போர்டு. "இந்த எடம் இதுதானே?"ன்னாரு அந்த அண்ணன். இதுதாங்க, இதேதாங்கன்னு நான் போட்ட சத்தத்துல அண்ணி கரண்டியோட வெளிய வந்துட்டாங்க. சாப்பிட்டுட்டு அவங்களும் பெஞ்சுல குந்தி வரிசையா மொட்டையக் காட்டி எடுத்துக்கினாங்க. அப்புறம் அந்த ஃபோட்டோவப் பாத்துட்டு வேற ஆளுங்க. மூணாவது சனிக்கெழம எலை பத்தாம நான் மார்க்கெட்டுக்கு ஓடுனேன். யாரும் யார்கிட்டயும் காசு வாங்கிக்கினு போடல, நான் எழுதுன ஒரு வரியும் அதுல இல்ல.

கடைசி சனிக்கெழம. சந்து முனை வரைக்கும் ஆளு. அன்னிக்குப் பாத்து அண்ணியக் காணோம். விடியறதுக்கு முன்னாலயே கூட்டத்துக்குன்னு சேத்த சமையக்காரம்மாகிட்ட சாவியக் குடுத்துட்டுப் போயிட்டாங்களாம். போன் போட்டா ஸ்விட்ச் ஆஃப். எனக்கு வந்த கோவத்துல யாரு இன்னா கேட்டாலும் எரிஞ்சி வுழுந்தேன். கூட்டம் வராதப்போ கூடவே குந்தியிருந்தாங்க, வந்தப்புறம் எங்க போய்த் தொலைஞ்சாங்க? எலையப் போட்டுக்கினே திட்டிக்கினு இருந்தேன்.

மத்தியானம் தாண்டி வாசல்ல ஒரு ஆட்டோ வந்து நின்னுச்சி. எறங்குனது அண்ணி. மொட்டை.

கையில இருந்த எலைக்கட்டக் கீழ போட்டுட்டேன். அந்த ஜடை! நாங்க நாத்தனாருங்க எல்லாம் பொறாமப்பட்ட ஜடை!

"ஃபேக்டரிக்கு அனுப்பாம இருந்தா முடி உனக்குன்னு சாமிகிட்ட வேண்டிக்கினேன்"ன்னாங்க, உப்பு வாங்கியாந்தேன்னு சொல்றாப்புல.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே அண்ணி!"

"உன்கிட்ட சொன்னா ரீல் போட்டிருப்ப."

போட்டிருப்பேன்தான். கிண்ணத்த எடுத்துக்கினு வந்தேன். ஊர் மொட்டைக்கெல்லாம் தடவுன அந்தக் கை மடியில சும்மா கெடக்க, அண்ணி பெஞ்சுல குந்தினாங்க. நான் சந்தனத்தத் தடவுனேன். பாதி சந்தனம் அவங்க காதுல வழிஞ்சிது.

"எடு"ன்னாங்க.

"எத அண்ணி?"

"ஃபோட்டோ."

போனத் தூக்குனேன். கண்ணுல தண்ணி முட்டிக்கினு ஒண்ணும் தெரியல எனக்கு. கல்யாணத்துலயே நிமிராத தலைய அண்ணி நிமித்தி, நேரா போனப் பாத்தாங்க.

"அழுதது போதும்டி. போர்டு தெரியுதா பாரு."