சோணையம்மாள் கூப்பிடும் எழுத்துகள்

எங்கள் தெருவில் கடைசி வீடு சோணையம்மாளுடையது. காலை ஏழரைக்கெல்லாம் தூக்குவாளியில் சோற்றை எடுத்துக்கொண்டு, நெற்றியில் திருநீறு பூசி, கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிடுவாள். கப்பலூரில் ஒரு சாம்பிராணி கம்பெனியில் வேலை. பிறந்த ஊர் எழுமலை. எட்டாவது வரை படித்தவள். இங்கிலீஷை எழுத்துக் கூட்டி வாசிப்பாள். வீட்டுக்காரர் போய்ப் பதினோரு வருசம் ஆகிறது. பிள்ளை இல்லை. சாமி அவளுக்குக் கொடுத்த துணை, கம்பெனியில் பேக்கிங் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த நாலு பெண்கள்தான்.

மாயக்காளும் ராமக்காளும் ஓரகத்திகள். காதில் விழும் பேச்சை மாயக்காள் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்வாள். எடுத்தது யாருக்கும் தெரியாது. ராமக்காள் அதைப் போகிற இடமெல்லாம் இறக்கி வைப்பாள். தங்கப்பொண்ணு வேறு மாதிரி. பெட்டியில் சாம்பிராணிக் கப்பு எண்ணிக்கை தப்பிவிட்டால் சூப்பர்வைசர் பார்க்கும் முன்பே பிரித்து, பழையபடி ஆக்கிவிடுவாள். சின்னத்தாய் எதையும் தொலைக்க மாட்டாள். மற்றவர்களின் கம்மல் திருகாணி கழன்றால்கூட அவள் முந்தானை முடிச்சில்தான் கிடக்கும்.

போன வருசம் ஆடியில் பேக்கிங் மிஷின் வந்தது. ஐந்து பேர் பார்த்த வேலையை அது ஒன்றே பார்த்தது. நாலு பேரை நிறுத்திவிட்டார்கள். வாசிக்கத் தெரியும் என்பதால் சோணையம்மாளை மட்டும் கம்ப்யூட்டரில் ஸ்டிக்கர் அடிக்க உட்கார வைத்தார்கள்.

"நீ படிச்சவ, ஏசி ரூம்ல இருப்ப. எங்கள நெனப்பியாக்கும்?" என்று சின்னத்தாய் கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனாலும் சோணையம்மாளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நாலு பேருக்கும் அவனியாபுரத்தில் ஒரே இடத்தில் வேலை கிடைத்தது. தினமும் ஒரே ஷேர் ஆட்டோவில் போனார்கள். இவள் கண்ணாடி அறையில் தனியாக உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினால் வெளியே மிஷின் ஓடுவதுகூடக் கேட்காது.

சூப்பர்வைசர் விருமாண்டி கெட்டவர் இல்லை. இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். "ஆயுத பூசை வரைக்கும் பாப்போம் சோணை. ஸ்டிக்கர் லேட்டானா லாரி லேட்டு. அதுக்கு மேல டைப்பிங் படிச்ச ஆளப் போடுன்னுட்டாரு மொதலாளி."

அந்த நாற்காலியும் போனால் பகல் முழுக்க வீட்டுச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவளுக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

கணக்கு எழுதும் முத்துக்குமரன் ஒரு தாளில் ஐந்து வரி அச்சு மாதிரி எழுதிக் கொடுத்தார். "அக்கா, மொதல்ல கண்ட்ரோல அமுக்கிப் பிடிங்க. விடாம அடுத்த எழுத்தத் தொடுங்க. சி தொட்டா எடுத்துக்கும். வி தொட்டா வச்சுரும். இசட் தொட்டா கடைசியாச் செஞ்சது இல்லைன்னு ஆயிரும். எஸ் தொட்டா பத்திரமா இருக்கும். பி தொட்டா பிரிண்ட்டு."

"இம்புட்டையும் எப்பிடிண்ணே மண்டையில ஏத்துறது?"

"பழகுனா வந்துரும்க்கா."

வரவில்லை. சி எது, வி எது என்று தினமும் குழம்பினாள். ஒருநாள் சிக்குப் பக்கத்திலேயே வி இருப்பதைப் பார்த்தபோது, ஓரகத்திகள் ஒட்டி உட்கார்ந்திருப்பது போல அவளுக்குத் தோன்றியது. சத்தமில்லாமல் எடுத்துக்கொள்வது மாயக்காள். கேட்ட இடத்தில் எல்லாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் இறக்கி வைப்பது ராமக்காள். இசட் தங்கப்பொண்ணு. எஸ் சின்னத்தாய். அதற்குப் பிறகு மறக்கவே இல்லை. "மாயா, எடுத்துக்க. ராமு, வையி" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே அடிப்பாள். பிக்கு மட்டும் ஆள் வைக்கவில்லை. திரையில் பிரிண்டர் படம் இருந்தது. மவுஸால் அதைத் தட்டினால் தாள் வந்துவிடும்.

ஆயுத பூசை வந்தது. மிஷினையெல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்தார்கள். சோணையம்மாள் தன் அறையைத் தானே கழுவினாள். திரையின் நாலு மூலைக்கும் பொட்டு வைத்தாள். கீபோர்டின் ஓரத்தில் வைத்தாள். மவுஸின் முதுகில் வைத்தாள். வீட்டில் அரிவாள்மனைக்கு இரண்டு பக்கமும் வைத்தே பழகியவள். அதனால் மவுஸையும் திருப்பிப் பார்த்தாள். வயிற்றில் சிவப்பாக ஒரு வெளிச்சம் எரிந்தது. அதுதான் இதற்குக் கண் போல என்று நினைத்து, கையெடுத்துக் கும்பிட்டு, அதன் மேல் நிறையச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தாள். இந்த நாற்காலியை எனக்கு விட்டு வை சாமி என்று வேண்டிக்கொண்டாள்.

மறுநாள் விஜயதசமி. ஒன்பது மணிக்குள் நல்ல நேரத்தில் முதல் லோடு ஏற வேண்டும். திண்டுக்கல் கடைக்கு நாற்பத்தெட்டு ஸ்டிக்கர். முத்துக்குமரன் ஊருக்குப் போயிருந்தார். மணி எட்டு இருபது. சோணையம்மாள் மவுஸை நகர்த்தினாள். திரையில் அம்பு அசையவில்லை. தட்டினாள், குலுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை.

விருமாண்டி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "என்ன சோணை, ஆச்சா? டிரைவரு இப்பவே மொனங்குறான்."

"இந்தா ஆச்சுண்ணே."

"மொத நாளே தடங்கல்னா மொதலாளி என்னையத்தான் கேப்பாரு, பாத்துக்க."

கதவு சாத்திக்கொண்டது. சோணையம்மாள் மவுஸை விட்டுவிட்டாள். கீபோர்டைப் பார்த்தாள். கீழ் மூலையில் நாலு அம்புக்குறி இருந்தது. ஒன்றைத் தட்டினாள். திரையில் ஒரு படத்தின் மேல் கட்டம் விழுந்தது. இன்னும் இரண்டு தட்டியதும் ஸ்டிக்கர் படத்துக்கு வந்து நின்றது. என்டர் அடித்தாள். பக்கம் திறந்தது.

பக்கத்தில் பன்னிரண்டு கட்டங்கள். எல்லாவற்றிலும் பழைய கடையின் பெயர். முதல் கட்டத்தில் பழையதை அழித்துவிட்டு, புதுக் கடையின் விலாசத்தை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். ஷிப்ட்டைப் பிடித்துக்கொண்டு அம்புக்குறியை நகர்த்தினாள். விலாசம் முழுவதும் நீலமானது.

"மாயா, எடுத்துக்கடி."

பதற்றத்தில் கண்ட்ரோலைப் பிடிக்காமல் சியை மட்டும் தட்டிவிட்டாள். விலாசம் மொத்தமும் போய், ஒற்றை சி நின்றது. சோணையம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. மறுபடி அடிக்க நேரம் இல்லை.

"தங்கம், நீதான் வரணும். அவரு பாக்குறதுக்குள்ள வா" என்று, இந்தத் தடவை கண்ட்ரோலை நன்றாகப் பிடித்துக்கொண்டு இசட்டைத் தொட்டாள்.

விலாசம் வந்து நின்றது.

பிறகு நிதானமாகச் செய்தாள். மாயக்காள் எடுத்தாள். டேப்பைத் தட்டினால் அடுத்த கட்டத்தில் இருந்த பழைய பெயர் நீலமானது. அங்கே ராமக்காள் இறக்கி வைத்தாள். மறுபடி டேப், மறுபடி ராமக்காள். பதினொரு தடவை கூப்பிட்டும் அவள் சலிக்கவில்லை. கடைசியில் சின்னத்தாயிடம் கொடுத்து முடிந்து வைக்கச் சொன்னாள். மிச்சம் பிரிண்ட். மவுஸ் இல்லாமல் பிரிண்டர் படத்தைத் தொட முடியாது. மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்த முத்துக்குமரனின் தாளைப் பார்த்தாள். ஐந்தாவது வரியில் பி இருந்தது. அந்த எழுத்துக்குக் கூப்பிட யாரும் இல்லை. பேக்கிங் மேசையில் மிச்சம் இருந்தது இவள் ஒருத்திதான். "நானே வாரேன்" என்று சொல்லிக்கொண்டு அமுக்கினாள். திரையில் எத்தனை தாள் என்று கேட்டது. நாலு அடித்து என்டர் கொடுத்தாள்.

எட்டு ஐம்பதுக்கு ஸ்டிக்கர் விருமாண்டியின் கைக்குப் போனது. லோடு ஏறியதும் அவர் அறைக்குத் திரும்பி வந்து, மவுஸைத் தூக்கித் திருப்பினார்.

"ஏ சோணை, இது என்ன கூத்து? கண்ணுல போயிச் சந்தனத்த அப்பி வச்சிருக்க!"

"சாமி கண்ணு மாதிரி இருந்துச்சுண்ணே."

"அப்ப எதை வச்சு அடிச்ச?"

"நாலு பேரு கூட இருந்தாக."

அவர் காலியாக இருந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, "என்னமோ போ. மொதலாளிகிட்ட, வேற ஆளு வேண்டாம்னு சொல்லிர்றேன்" என்று போனார்.

மத்தியானம் சோற்றைத் திறக்கும் முன் மாயக்காளுக்குப் போன் செய்தாள். எடுத்ததுமே பின்னால் ராமக்காளின் சிரிப்பு கேட்டது.

"மாயா, இன்னைக்கு நீங்கள்லாம் இல்லைன்னா என் வேலை போயிருக்கும்டி."

"என்னக்கா சொல்ற? நாங்க இங்கல்ல இருக்கோம்! சாப்புட உக்காந்துட்டோம்க்கா, பொறவு கூப்பிடுறேன்."

கூப்பிடவில்லை.

ஈரத் துணியால் துடைத்ததும் மவுஸ் நன்றாகவே வேலை செய்தது. திரையில் அம்பு அங்கும் இங்கும் ஓடியது. சோணையம்மாள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மவுஸைப் பிடித்து வேலை பார்த்தால் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. அதன் வாலைச் சுருட்டி, மேசை டிராயருக்குள் வைத்து மூடினாள். அன்று முதல் அது உள்ளேதான் இருக்கிறது.