கிராம் ஏன் பாலைத் தொடுவதில்லை

ரொட்டியின் முதல் பக்கம் சிவப்பதற்குள் தக்காளி அறுபட்டிருக்கும். இரண்டாவது பக்கம் சிவப்பதற்குள் கொண்டைக்கடலை மசிந்திருக்கும். முந்தின நாளே கிராம் வேகவைத்துத் தன் அறையில் மூடிவைத்த கடலை. முள்கரண்டியின் முதுகால் அதை நசுக்கி, அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்து, உப்பும் மிளகுத்தூளும் பொடியாக அரிந்த வெங்காயமும் சேர்த்துக் கலப்பார். ரொட்டியில் முதலில் வேர்க்கடலை விழுது, அதன்மேல் மசியல், அதன்மேல் தக்காளி வில்லைகள் நான்கு. இன்னொரு ரொட்டியால் மூடி, உள்ளங்கையால் ஒரே அழுத்து. ஏழு நிமிடம். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் குனிந்து, நின்றபடியே, ஒரு துகள்கூடத் தரையில் சிந்தாமல் தின்று முடிப்பார். மதியம் ஒன்றரை மணி வரை பசி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. மகளும் மருமகனும் எழுந்து வரும்போது அடுப்படியில் ரொட்டி வாசனை மட்டும் இருக்கும். அதையும் ஜன்னலைத் திறந்துவிட்டு அனுப்பிவைப்பார்.

அவர் வேலைபார்க்கும் தராசுப் பட்டறையில் ஒரு வதந்தி. கிராம் பாலை விட்டுவிட்டார், முட்டையை விட்டுவிட்டார், வெண்ணெயைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். முதலாளியின் பிறந்தநாள் கேக்கையே, “இதுல பால் இருக்கும்ல?” என்று கேட்டு ஒதுக்கிவிட்டார். இதுவரைக்கும் உண்மை. ஏன் என்பதில்தான் பட்டறை மூன்றாகப் பிரிந்து நின்றது.

“மூணு டாக்டருங்க கையை விரிச்சுட்டாங்களாம்” என்றார் ஸ்பிரிங். வில் தராசுகளைப் பழுதுபார்ப்பவர். எடைக்கல் பார்க்கும் கிராமுக்குப் போலவே இவருக்கும் வேலையின் பேரே ஊர்ப் பேராகிவிட்டது.

“டாக்டரு கையை விரிச்ச ஆளு எப்படிய்யா ரெண்டு ரெண்டு படியா தாவி ஏறுவாரு? அது ஆயுசு ரகசியம். நூறு வயசுக்கு அடி போட்டுட்டாரு.” இது முதலாளி. அவருடைய டாக்டர் அவரைப் பதினைந்து கிலோ குறைக்கச் சொல்லியிருந்தார். ஊரிலுள்ள தராசையெல்லாம் சரிசெய்யும் மனிதர், தன் கடைத் தராசில் மட்டும் ஏறுவதில்லை.

மூன்றாவது கட்சி, பூங்காவில் உடற்பயிற்சி சொல்லித்தரும் ஒரு அம்மாளைக் கதையில் இழுத்து வந்தது. கிராம் மனைவியை இழந்தவர், வயது அறுபத்திரண்டு, தலையில் முடி நிறையவே இருக்கிறது. வதந்திக்கு இவ்வளவு ஆதாரம் போதாதா?

பழுதுக்கு வரும் ஒவ்வொரு தராசுக்கும் எண் எழுதிய அட்டையைக் கட்டி உள்ளே அனுப்புபவர் டோக்கன் அக்கா. அட்டை இல்லாத சரக்கை அவர் வாசலைத் தாண்ட விடமாட்டார். வதந்தியும் அவருக்குச் சரக்குதான். கிராமைவிடப் பத்து வயது இளையவர். அவர் கிராமை ‘அண்ணே’ என்பார், கிராம் அவரை ‘அக்கா’ என்பார். யார் மூத்தவர் என்ற கேள்விக்கு இருவரும் இப்படி விட்டுக்கொடுத்தே பதினெட்டு வருடத்தை ஓட்டிவிட்டார்கள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம். வேலை இல்லை. கிராம் தன் எடைக்கற்களின் பெட்டியைத் திறந்து வைத்து ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். சோதனைக்கு வைத்திருக்கும் கற்களை அவர் கையால் தொடமாட்டார், இடுக்கிதான். விரல் வியர்வை ஒட்டினால் கல் கனத்துவிடும் என்பார். எவ்வளவு கனக்கும் என்று கேட்டால் அதையும் சொல்வார், கேட்டவர் தூங்கும் வரை.

“அண்ணே, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“கேளுங்கக்கா.”

“பாலு என்ன பாவம் பண்ணுச்சு?”

இடுக்கி அந்தரத்தில் நின்றது. பிறகு கிராம் சொன்னார். கிராம் சொன்னால் கல்லை வைத்து நிறுத்த மாதிரி இருக்கும், கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது.

மகள் வீட்டுக்கு அவர் குடிவந்து இரண்டு வருடம். துணி தேய்க்கும் மேசை இருக்கும் அறை அவருடையது. எட்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில் மருமகன் ஃப்ரிட்ஜைத் திறந்து, “பால யாரு முடிச்சது?” என்று கேட்டார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டு ஃப்ரிட்ஜையே கேட்டார். வேறு மாமனாராக இருந்தால் “நான்தான் மாப்பிள்ளை” என்று சிரித்திருப்பார், அல்லது செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்திருப்பார். கிராம் நாற்பது வருடமாக, எங்கே குறைகிறது என்று கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர். குறைகிறது என்று யாராவது சொன்னால் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

“நேத்து ராத்திரி நானூறு மில்லி இருந்தது மாப்பிள்ளை. என் கப்பு நூத்தம்பது பிடிக்கும், நான் எடுத்தது அவ்வளவுதான். பாக்கி இருநூத்தம்பது எங்க போச்சுன்னுதான் பாக்கணும்.”

சத்தியமாக, உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். மருமகன் கதவைச் சாத்தினார். மெதுவாகத்தான் சாத்தினார், அதுதான் வினை. “வீட்டுக்குள்ளேயே எடை போட ஆள் வெச்சிருக்கோம்னு எனக்குத் தெரியாம போச்சே” என்றார்.

அப்போது மகள் வாயைத் திறந்தாள். கிராம் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கணவனைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தாள்.

“அப்பா, விடுங்களேன்.”

விட்டுவிட்டார். அன்றிலிருந்து அந்தக் கதவை அவர் திறக்கவில்லை. கதவுக்கு உள்ளே இருந்தவை பால், முட்டை, வெண்ணெய், சீஸ். வெளியே இருந்தவை ரொட்டி, தக்காளி, வெங்காயம், எலுமிச்சை, கடலை. பட்டறை மூன்று கட்சியாகப் பிரிந்து ஆராய்ந்த தத்துவம் மொத்தமும் இவ்வளவுதான். ராத்திரி மகள் பரிமாறும் சோற்றையும் காயையும் சாப்பிடுவார். முட்டை வந்தால் “செரிக்காதும்மா” என்று ஒதுக்குவார். காயும் அதே ஃப்ரிட்ஜிலிருந்துதானே வருகிறது என்று யாரும் சட்டம் பேச வேண்டாம். வைராக்கியத்துக்கும் உட்பிரிவுகள் உண்டு.

“சரி, இங்க குடிக்கிற டீயில பால் சேந்தா என்ன வந்துச்சு?” என்றார் டோக்கன் அக்கா.

“வீட்டுல ஒரு எடை, வெளிய ஒரு எடை காட்டினா அது தராசாக்கா?”

“அது சரி. இந்த வயசுல ஃப்ரிட்ஜோட டூ விட்ட ஆளை நான் இப்பத்தான் பாக்குறேன்.”

கிராம் சிரிக்கவில்லை. “மாப்பிள்ளையோட டூ விட முடியாதேக்கா. பொண்ணு வாழுற வீடு.”

தினமும் காலையில் வாசலில் கிடக்கும் பால் பாக்கெட்டுகளை எடுத்து வருவது அவர்தான். எடுத்து வந்து ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் மேசையில் வைப்பார், உள்ளே வைக்கமாட்டார். கோடையில் ஒருநாள் எல்லோரும் தாமதமாக எழுந்ததில் பால் திரிந்துவிட்டது. “எடுத்து உள்ள வெச்சிருக்கலாமேப்பா” என்று மகள் கடிந்துகொண்டாள். ஏன் வைக்கவில்லை என்று கேட்கவில்லை. மூன்றாம் மாதம், வாசலில் மூன்றாகக் கிடந்த பாக்கெட்டுகள் இரண்டாகிவிட்டன. கிராம் குனிந்த வாக்கில் கொஞ்ச நேரம் அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொண்ணுகிட்ட சொல்லிடுங்கண்ணே.”

“அவ கேக்கட்டும்.”

“கேக்கலைன்னா?”

இருநூறு கிராம் கல்லை அதன் குழியில் இறக்கினார். “ஒரு வார்த்தைக்கா. ‘ஏம்ப்பா பால் குடிக்கிறதில்ல?’ அவ்வளவுதான். அதுக்கு மேல நான் யார்கிட்டயும் எதுவும் கேக்கல.”

டோக்கன் அக்கா அன்று இரவு யோசித்தார். வாய்விட்டுச் சொல்லமாட்டார் இந்த மனுஷன். கேட்கவேண்டியவள் தானாகக் கேட்கவும் மாட்டாள். சரி, கேட்க வைத்துவிடலாம். மறுநாள் முதலாளியின் காதில் போட்டார்: “அண்ணனோட டோஸ்ட்ட வீடியோ எடுத்துப் போட்டா என்ன? நம்ம கடைக்கும் பேரு.” முதலாளிக்கு யோசனை பிடித்துவிட்டது. எடையைச் சரியாகக் காட்டும் கடை, இனி எடையைக் குறைக்கவும் வழிகாட்டும் என்று அவரே ஒரு வாசகமும் எழுதிக்கொண்டு வந்தார்.

மின்னடுப்பும் தட்டும் வந்தன. ஸ்பிரிங் கைபேசியைப் பிடித்தார். கிராம் கேமராவைப் பார்க்காமல், கடலையைப் பார்த்துப் பேசினார்.

“ரொட்டி ரெண்டு. கடலை எம்பது கிராம், வெந்தப்புறம். வேர்க்கடலை விழுது பதினஞ்சு கிராம், போதும். பால் வேணாம், வெண்ணெய் வேணாம். ஏழு நிமிஷம்.”

“இதுக்கு மாறணும்னு எப்படிண்ணே தோணுச்சு?” ஸ்பிரிங் கேட்டார்.

கிராம் ரொட்டியைத் திருப்பிப் போட்டார். “தோணுச்சு.”

நான்கு நாளில் வீடியோவை நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். கடலையை எத்தனை மணி நேரம் ஊறவைக்க வேண்டும் என்று கேட்டவர்கள் பாதி. இதில் கொஞ்சம் நெய் தடவலாமா என்று கேட்டவர்கள் மீதி. ஒரு புண்ணியவதி எழுதியிருந்தார்: “அந்தப் பெரியவர் முகத்தில் எவ்வளவு அமைதி! எல்லாவற்றையும் விட்டவர்களுக்கே அது வரும்.”

வீடியோ சுற்றிச் சுற்றி மகளின் கைபேசிக்கும் வந்தது. டோக்கன் அக்கா கணக்குப் போட்டது பிசகவில்லை. சாயங்காலம் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் மகள் அவர் அறைக்குள் வந்தாள்.

“அப்பா! ஆபீஸ்ல எல்லாரும் என்கிட்ட காட்டுறாங்க. ‘உங்கப்பாவா, உங்கப்பாவா’ன்னு. நீங்க பாலே குடிக்கிறதில்லையா?”

கிராம் தேய்க்கும் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்ப்பா?”

எட்டு மாதம் காத்திருந்த வார்த்தை. வாயைத் திறந்தார். எங்கிருந்து தொடங்குவது? நானூறு மில்லியிலிருந்தா, சாத்திய கதவிலிருந்தா, ‘விடுங்களேன்’ என்பதிலிருந்தா?

அந்த ஒரு மூச்சு இடைவெளி மகளுக்கு நீளமாகப் பட்டிருக்க வேண்டும். அவளே பதிலையும் சொல்லிவிட்டாள். “நீங்க எப்பவுமே இப்படித்தான்ப்பா. நல்லது பண்ணினாலும் சத்தம் இல்லாம பண்ணுவீங்க. நான்கூட பால் ஏன் மிஞ்சுதுன்னு யோசிச்சேன். சரி, வீணாப் போகுதேன்னு ஒரு பாக்கெட்ட நிறுத்திட்டேன்.”

“ஆமாம்மா. பார்த்தேன்.”

“எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமா?” என்று அவர் தோளில் தலையைச் சாய்த்துவிட்டுப் போனாள். அவள் பெருமையில் பொய் இல்லை. அதனால்தான் அவரால் அதைத் தட்டிவிட முடியவில்லை.

மறுநாள் காலை டோக்கன் அக்கா அட்டை கட்டுவதை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்.

“கேட்டாங்களாண்ணே?”

“கேட்டா.”

“சொன்னீங்களா?”

“அவளே சொல்லிட்டா.”

அந்த ஞாயிற்றுக்கிழமை மருமகனும் அடுப்படிக்கு வந்து நின்றார். அவருக்கும் டாக்டர் உண்டு, அவருக்கும் கொழுப்பு உண்டு. “மாமா, எனக்கும் ரெண்டு போடுங்களேன். உலகமே சாப்பிடுது, வீட்டுல இருக்கிறவன் நான் சாப்பிடலைன்னா எப்படி?” கிராம் போட்டார். கடலை எண்பது கிராம், விழுது பதினைந்து. ஒரு குன்றிமணி குறைக்கவில்லை. மருமகன் ரசித்துச் சாப்பிட்டார். சாப்பாட்டில் அவருக்கு வஞ்சகம் கிடையாது, மற்றதிலும் பெரிய வஞ்சகம் கிடையாது. பால் குறைந்த அன்று காலை சொன்னதை அன்று சாயங்காலமே மறந்துவிட்ட மனிதர் அவர். ஞாபகம் வைத்துக்கொண்டிருந்தால்கூடக் கிராமுக்கு ஒரு துணை இருந்திருக்கும்.

“பிரமாதம் மாமா. மேல ஒரு சீஸ் மட்டும் இருந்தா... அந்த ஃப்ரிட்ஜுலேர்ந்து எடுங்களேன், உங்க கைக்கு எட்டுற தூரம்தானே.”

கிராமின் கை ஈரமாக இருந்தது. துண்டில் துடைத்தார். மீண்டும் துடைத்தார்.

“அப்பாவ எதுக்குத் தொடச் சொல்றீங்க?” என்று மகள் குறுக்கே வந்தாள். “பாலு சம்பந்தப்பட்டது எதையும் அவர் கையால தொடமாட்டார். எட்டு மாசமா விரதம் மாதிரி இருக்கார். வீடியோ பார்த்தீங்களா இல்லையா?” சொல்லிக்கொண்டே அவளே கதவைத் திறந்து சீஸை எடுத்துக் கொடுத்தாள். முதல்முறையாக மகள் தன் பக்கம் நின்று பேசியிருக்கிறாள் என்று கிராமுக்குத் தோன்றியது. அதுவும் தான் நிற்காத ஒரு பக்கத்தில்.

மருமகன் நெற்றியில் தட்டிக்கொண்டார். “மறந்துட்டேன் மாமா. ரெண்டு டோஸ்ட்டுக்கு இப்ப உங்களுக்குக் கடன்பட்டாச்சு. அடுத்த ஞாயிறு என் கையால உங்களுக்கு ஒரு காபி.” உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். “பாருங்க, மறுபடியும்! நீங்கதான் பாலையே விட்டாச்சே. சரி, வேற ஏதாவது நல்லதா யோசிச்சு வெக்கிறேன். பாக்கி என்மேல.”

“அதுக்கென்ன மாப்பிள்ளை” என்றார் கிராம். “கறுப்புக் காபி குடிப்பேன்” என்று ஒரு வாக்கியம் தொண்டை வரை வந்தது. மருமகன் அதற்குள் கைபேசியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு பதினோரு ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. பதினொன்றிலும் கிராம் டோஸ்ட் போட்டார். மருமகன் பதினொன்றிலும் பிரமாதம் என்றார். பட்டறையில் வதந்தி ஓய்ந்துவிட்டது. முதலாளி மூன்று கிலோ குறைந்திருக்கிறார், ஸ்பிரிங் டீயில் பாலை விட்டுவிட்டார். திங்கட்கிழமை தோறும் டோக்கன் அக்கா, மருமகனின் அந்தப் பாக்கி வந்ததா என்று ஜாடையாகப் புருவத்தை உயர்த்துவார். கிராம் தலையை இடமும் வலமுமாக ஒருமுறை அசைத்துவிட்டுத் தன் மேசைக்குப் போவார்.

ஞாயிறு காலையில் அவர் மேசையில் இரண்டு தட்டுகளும் மூன்று கோப்பைகளும் எடுத்து வைக்கிறார். மகளும் மருமகனும் தங்கள் கோப்பைகளில் காபியை ஊற்றிக் குடித்துவிட்டு எழுந்து போகிறார்கள். கிராம் மூன்றையும் தொட்டிக்கு எடுத்துப் போய், காபி படாமல் காய்ந்தே இருக்கும் மூன்றாவது கோப்பைக்கும் சோப்புப் போட்டுத் தேய்க்கிறார்.