தெரு பெஞ்சுக்குக் கட்சி நிறம்

எங்கள் தெருவுக்குப் பொதுவாகக் கொஞ்சம் மரப் பெஞ்சுகளும் இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்குகளும் இருந்தன. மரம் வாங்கி, நாங்களே ஆள் வைத்துச் செய்தவை. கல்யாணம், சாவு எதுவானாலும் எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சுக்காரன் இருந்தபோது அவற்றைப் பூட்டி வைத்திருந்தவர், மேரி என்று நாங்கள் சொல்லும் நகராட்சியில் செல்வாக்குள்ள ஆள். தேர்தல் வந்தால் தடியோடு ஆட்களை நிறுத்துவார். ஐம்பத்து நான்கில் பிரெஞ்சுக்காரன் போனான். இவர் போகவில்லை. புதுத் துண்டு போட்டுக்கொண்டு கட்சிக் கிளைச் செயலாளர் ஆனார். பெஞ்சுகளுக்கும் கட்சி நிறம் அடித்தார். 

சில வருஷம் கழித்துத் தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வில்லியனூர்ப் பக்கம் நிலபுலன் உள்ளவர்கள். அவர்களைத் தரையில் உட்காரவைத்தால் தங்கை ஆயுசுக்கும் பேச்சு வாங்குவாள். செயலாளரிடம் பெஞ்சு கேட்கப் போனேன்.

"எதிர்க்கட்சி மீட்டிங்ல கை தட்டினியாமே தம்பி? அங்க போய்க் கேளு."

"பெஞ்சி தெருவோடதுண்ணே."

"அப்பிடியா? என்னா கலர் அடிச்சிருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லாரும் எங்கள் தெருக்காரர்கள்தான்.

என்னை அந்த மீட்டிங்குக்கு இழுத்துப் போனவன் மில்லில் கூட வேலை பார்ப்பவன். அவனிடம் கேட்டேன்.

"நம்ம கட்சியில ஏதுப்பா பெஞ்சி? படிப்பகமும் கொடிக்கம்பமும்தான். வேணும்னா வாழ்த்திப் பேச ரெண்டு பேச்சாளர அனுப்பட்டுமா?"

அம்மா போய்ச் செயலாளர் வீட்டு வாசலில் நின்றாள். மறுநாள் கட்சி ஊர்வலத்தில் நான் கொடி பிடித்து முன்னால் நடக்க வேண்டும் என்று அவர் சொல்லி அனுப்பினார். முடியாது என்றேன்.

"புடிச்சா கை அழுகிடுமாடா? ஒன் தங்கச்சியவிட ஒனக்கு ரோஷம் பெருசா?" என்றாள் அம்மா.

பிடித்தேன். மார்க்கெட்டைச் சுற்றிக் கடற்கரை வரை நடந்தேன். சாயங்காலம் பெஞ்சும் விளக்கும் வீடு தேடி வந்தன.

கல்யாணத்தில் செயலாளர்தான் முன்வரிசை. மாப்பிள்ளையின் அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க தெருவுல கட்சி, ஜனங்களுக்கு நல்லா செய்யிதுங்க" என்றார். எங்கள் ஆட்கள் தலையாட்டினார்கள். பயந்து ஆட்டவில்லை, நம்பித்தான் ஆட்டினார்கள். எனக்குப் பொறுக்காதது அதுதான்.

அடுத்த தேர்தலில் அம்மா விடிந்ததும் குளித்துவிட்டு ஓட்டுப் போடக் கிளம்பினாள். "அந்த ஆளுக்கா?" என்று கேட்டேன்.

"அவருக்குத்தான். நாளைக்கி நான் செத்தா வர்றவங்க எங்கடா உக்காருவாங்க?"

கொள்கை என்று எவனாவது மேடையில் கத்தினால் எனக்கு அம்மாவின் இந்தக் கேள்விதான் ஞாபகம் வருகிறது.