பீரோவை உடைத்த நாள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில், மில்களுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக்கொடுக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ். வேலை கற்றுக்கொண்ட இருவர் அடுத்தடுத்துச் சென்னைக்குப் போய்விட்ட கோபத்தில், முதலாளி புரோகிராம் புத்தகங்களை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். சந்தேகம் கேட்டால், டைப் அடிக்கிற வேலையை மட்டும் பார்க்கச் சொல்வார்.

எங்களில் மூத்தவர், ஆபீசில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவர், அவரும் சலித்துப்போய் பெங்களூருக்குக் கிளம்பினார். அடுத்த வாரமே செட்டியார்பட்டி மில்லில் நாங்கள் போட்ட புரோகிராம் நின்றுவிட்டது. நூல் மூட்டைகளின் எண்களெல்லாம் கம்ப்யூட்டருக்குள் இருந்தன. அந்தப் பட்டியலை அச்சடிக்க முடியாமல், தூத்துக்குடியில் கப்பலேற வேண்டிய சரக்கு லாரியிலேயே நின்றது. மேனேஜர் போனில் கத்தினார். முதலாளி கோயம்புத்தூர் பஸ்ஸில் இருந்தார்; தகவல் சொல்ல வழியில்லை.

கொஞ்ச நேரம் பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுத்து நெம்பினேன். கதவு வளைந்து திறந்தது.

புத்தகத்தோடு மில்லுக்கு ஓடினேன். மூட்டை எண்களைத் தேடியெடுக்க உதவும் இண்டெக்ஸ் ஃபைல் கெட்டிருந்தது. அதைப் புதிதாக உருவாக்கும் கட்டளையைப் பார்த்துப் பார்த்து அடித்தேன். முதல் தடவை திரை அப்படியே உறைந்தது. மேனேஜர் என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். இரண்டாம் தடவை பிரிண்டர் கரகரத்துப் பட்டியலை வெளியே தள்ளியது.

மறுநாள் காலை முதலாளி வளைந்த கதவைத் தடவிப் பார்த்தார். நான்தான் உடைத்தேன் என்றேன்.

"படிச்சிட்டு நீயும் போயிருவ. அம்புட்டுதான?"

"படிக்க விடாட்டா இன்னும் சீக்கிரம் போயிருவேன் சார். அக்கா அதுக்காகத்தான் போனாக."

அவர் வெளியே போய்விட்டார். வேலை போய்விட்டது என்றே நினைத்து டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தவர், புத்தகங்களைப் பொது மேஜையில் அடுக்கச் சொன்னார். சனிக்கிழமை மதியங்களில் எல்லோரும் உட்கார்ந்து படித்தோம். பாதி விஷயம் அவருக்கே தெரியவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அதை மறைக்கவும் அவர் முயலவில்லை.

அதன் பிறகும் ஒருவர் விலகினார். இரண்டு நாள் முதலாளி யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் புத்தகங்கள் மேஜையிலேயே இருந்தன.

நான் மேலும் நான்கு வருடம் இருந்தேன். சென்னையில் வேலை கிடைத்து ராஜினாமாக் கடிதம் நீட்டியபோது, "ஒன் வேலைய யாருக்குச் சொல்லிக் குடுத்திருக்க?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு பேருக்கு என்றேன். கையெழுத்துப் போட்டார்.