பாலத்தடியில் தொங்கியவர்

தொண்ணூறுகளின் யுத்த காலம். வெள்ளைக்காரர் கட்டிய கல்லடி இரும்புப் பாலத்தின் அடியில், கயிற்றில் தொங்கியபடி ஒருவர் துருச் சுரண்டிக்கொண்டிருந்தார். தாடியெல்லாம் செந்தூள். மேலே காவலுக்கு நின்ற சிப்பாய் அன்றுதான் வந்தவன். பாலத்தால் நடந்துபோன என்னை அவர் கீழிருந்து கூப்பிட்டார்.

“மனே, கொஞ்சம் நில்லு. ஒளிச்சிருக்கன் எண்டு நினைச்சுச் சுட்டுப்போடுவான். என்னோட சத்தமாக் கதை.”

நான் பாலத்தின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினேன்.

“அது வேணாம், என்னை ஏசு. என்ட மனிசி சாகுமட்டும் இதில நிண்டுதான் ஏசினவ. அவனுக்குத் தமிழ் விளங்காட்டியும் ஏச்சு விளங்கும்.”

“சோறு ஆறிப்போச்சு, இன்னும் என்னத்தச் சுரண்டுறீங்க?” என்று கத்தினேன். சிப்பாய் சிரித்தான். கீழே சுரண்டும் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். இரும்பில் நெற்றியைச் சாய்த்திருந்தார்.

“நிப்பாட்டாத, மனே” என்றார்.